ஏரிப் படம் போட்ட தேடல் பக்கம்

செராக்ஸ் கடைக் கணினியின் திரையில் ஒரு ஏரி இருந்தது. பின்னால் பனி மூடிய மலை, முன்னால் ஒரு மரப்படகு, நடுவில் தேடுவதற்கான வெள்ளைப் பெட்டி, அதற்கு மேல் நொடிமுள் ஓடும் கடிகாரம். வியாழக்கிழமை காலை பத்தரை மணி. நான் ஒரு தாளுக்கு இரண்டு நகல் எடுக்கப் போயிருந்தேன்.

"இது என்ன, புதுசா இருக்கு?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து இப்படித்தான்க்கா வருது. மாத்திட்டாங்க போல," என்றார் கடைக்காரர். "போன்ல மாசாமாசம் மூஞ்சிய மாத்தறாங்கல்ல, அந்த மாதிரி. நல்லாத்தான கீது, கடியாரம்லாம் வெச்சி."

அவருக்கு நாற்பது வயதிருக்கும். கோவில்பதாகை மெயின்ரோட்டில் எட்டடிக்குப் பத்தடி அறையில் இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் இயந்திரம் வைத்துத் தனியாக நடத்துகிறார். சுற்றியிருக்கும் அடுக்ககங்களில் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருந்தாலும் வாரிசுச் சான்றிதழுக்கும் ரேஷன் அட்டைத் திருத்தத்துக்கும் அவர்களும் இங்கேதான் வருவார்கள். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பினால் திருப்பி அனுப்புவார்கள் என்பது இவருக்குத்தான் தெரியும். அக்கம்பக்கத்தில் இவரைப் 'பாயம்மா' என்பார்கள். என்னை அவர் அக்கா என்பார்.

'சனிக்கிழமை சாயங்காலம்' என்றதும் திரையை இன்னொரு முறை பார்த்தேன். அன்று மதியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவள். அப்போது ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனி எழுத்துரு. அதில் தட்டச்சு செய்த கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் வராது. கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறிகளும் வரும். என் பழைய கட்டுரைகள் அறுபது, எழுபது அந்த நிலையில் ஒரு பென்டிரைவில் கிடந்தன. என் மடிக்கணினி பழுதுபார்க்கப் போயிருந்ததால் சனிக்கிழமை கடைக்கு எடுத்து வந்தேன். தமிழ்த் தட்டச்சு வசதி அவருடைய கணினியில் மட்டும்தான் உண்டு. "நீங்களே ஒக்காந்து பாருங்கக்கா, தொழுதுட்டு வந்துர்றேன்," என்று அவர் திரைச்சீலைக்குப் பின்னால் போனார்.

அந்தப் பத்து நிமிடத்தில், பழைய எழுத்துருவைப் புதியதாக மாற்றும் இலவச மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கினேன். நிறுவும்போது ஐந்து பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் சிறிய எழுத்தில் ஏதோ எழுதி, முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், சம்மதம், நெக்ஸ்ட், முடிந்தது. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் எழுதியதை வரிவரியாகப் படித்துச் சம்பளம் வாங்கியவள், அந்த ஐந்து பெட்டிகளில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. என் கட்டுரைகள் பளிச்சென்று தமிழில் திறந்தன. அந்த மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போது ஏரியின் நடுவிலிருந்த வெள்ளைப் பெட்டியில் நம்மூர் வானிலை என்று தட்டிப் பார்த்தேன். விடை வரும் முன் அரை நொடி, மேலே முகவரிப் பட்டையில் நான் கேள்விப்படாத ஒரு பெயர் வந்து மறைந்தது. பிறகு இன்னொரு பெயர். அதன் பிறகுதான் பட்டியல். முதல் ஆறு வரிகளும் விளம்பரம். விளம்பரம் என்ற சொல் வெளிர்சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில் இருந்தது.

"இந்த வாரம் இதுல யாருக்காவது விண்ணப்பம் போட்டீங்களா?"

"போடாம? நெறைய பேருக்கு. ஏன்க்கா?"

"எப்படிப் போடுவீங்க? முகவரி அடிப்பீங்களா?"

"அதெல்லாம் யாரு அடிக்கிறா? பேரப் போட்டா மொத வரில வரும். அமுக்க வேண்டியதுதான்."

அது அவர் மட்டும் செய்வதில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை இந்த மாதிரிக் கடைகளில் எல்லோருக்கும் அதுதான் முறை. முழு முகவரியை யாரும் அடிப்பதில்லை. பெயரைத் தேடு, முதல் வரியை அமுக்கு. இத்தனை ஆண்டுகள் முதல் வரி சரியாகவே இருந்ததால் அது பழக்கமாகிவிட்டது.

நான் அரசுத் தேர்வுப் பக்கத்தின் பெயரைத் தட்டி முதல் வரியை அமுக்கினேன். முத்திரை இருந்தது. அதே நீல நிறம், அதே ஓடும் அறிவிப்பு. ஆனால் முகவரியின் கடைசியில் அரசுத் தளங்களுக்கு உரிய எழுத்துகள் இல்லை. அதை விரலால் காட்டினேன். அவர் திரைக்கு மிக அருகே வந்து பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அல்லா… இது எப்படிக்கா உள்ள வந்துச்சு?"

"எதையாவது இறக்கும்போது கூட ஒட்டிக்கிட்டு வரும்."

"நான் எதையும் இறக்கலியே."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

யார் யார் விண்ணப்பம் எந்தப் பக்கத்தில் போனது என்று கண்டுபிடிக்கக் கணினியில் வழியில்லை. வாடிக்கையாளர்களின் விவரம் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்று, தினமும் கடை சாத்தும்போது தேடிய தடயங்களையும் ஸ்கேன் செய்த சான்றிதழ்களையும் அவர் மொத்தமாக அழித்துவிடுவார். நல்ல பழக்கம்தான். அன்று அதுவே காலை வாரியது.

ஆனால் அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. பிரிண்ட் எடுத்த தாளின் தலையில் தேதியும் நேரமும், அடியில் இணைய முகவரியும் பொடி எழுத்தில் விழும். "இன்னா இது, கீழ விளம்பரம் போட்டுகீறாங்க?" என்று ஆட்கள் கேட்பார்களாம். அதனால் இரண்டு விளிம்பையும் கட்டரில் வெட்டி, நடுப்பகுதியை மட்டும் அழகாக லேமினேட் செய்து தருவார். வெட்டிய துண்டுகளை வீணாக்காமல், போன் நம்பர் குறித்துக் கொடுப்பதற்காக ஒரு கிளிப்பில் செருகி வைப்பார். தலைத்துண்டு, அதன்பின் அடித்துண்டு, அடுத்தவருடைய தலைத்துண்டு, அடித்துண்டு. அந்த வாரத்துக் கட்டு இன்னும் செலவாகாமல் அப்படியே இருந்தது.

இருவரும் மேசையில் பரப்பிப் பார்த்தோம். மின்கட்டணம், பட்டா நகல், வாக்காளர் பட்டியல். அவை அவர் அடிக்கடி போகும் தளங்கள் என்பதால், ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த இணைப்புகள் வழியாகப் போனவை. முகவரி சரியாக இருந்தது. ஒரே ஒரு அடித்துண்டில் மட்டும் அந்தத் தவறான முகவரி. அதன் தலைத்துண்டில் திங்கட்கிழமை, பதினொன்று நாற்பது.

அவர் நோட்டைத் திறந்தார். திங்கட்கிழமை, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்: 'அண்ணனூர், தேர்வு விண்ணப்பம்'. பக்கத்தில் ஒரு கைபேசி எண்.

"ஐயோ, அதுவா?" என்று நெற்றியில் கைவைத்தார். "இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பேக்கிங் வேலை செய்யுதே, அந்தப் பொண்ணுக்கா. இந்த வருஷம் உட்டா வயசு தாண்டிடும்னு சொல்லிகினே இருந்துச்சு. நாளைக்குத்தான் கடைசி நாளு."

எண்ணை அழைத்தோம். மணி அடித்து நின்றது. மறுபடி அழைத்தோம். வேலை நேரத்தில் கைபேசியை கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவருக்கு நினைவு வந்தது.

அந்த நேரத்தில் பர்மிட் நகல் எடுக்க ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். கடையின் பழைய வாடிக்கையாளர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னா தங்கச்சி, இதுக்கா இப்டி ஒக்காந்துகினு கீற? அந்தம்மா நம்ம வண்டில வர்ற கிராக்கிதான். பஸ்ட் ஷிப்ட்டு. ரெண்டு மணிக்கு உடுவான், பட்டரவாக்கத்துல ரயில் ஏறி அண்ணனூர்ல எறங்கும். ரெண்டே முக்காலுக்கு டேசன்ல நின்னா புடிச்சிரலாம்," என்றார்.

இரண்டு மணி தாண்டியதும் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு முழுவதுமாக இறக்கிப் பூட்டினார். "அந்த மெஷின யாரும் தொடக்கூடாது," என்று தனக்குத்தானே சொன்னார்.

அண்ணனூர் ரயில் நிலையத்தில் வெயில் நேராக இறங்கியது. பணிமனைப் பக்கம் காலி மின்ரயில்கள் வரிசையாக நின்றன. நாங்கள் மூவரும் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடமாகப் பார்த்து நின்றோம். முதல் ரயிலில் அந்தப் பெண் இல்லை. கடைக்காரர் புர்காவின் கைப்பகுதியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ரயிலிலிருந்து தோளில் துணிப்பையுடன் ஒரு பெண் இறங்கினார். முப்பதைத் தாண்டிய, ஒல்லியான உடம்பு. எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாக்கா, நீங்க இங்க?"

"உன் அப்ளிகேஷன் போவலம்மா," என்றார் கடைக்காரர். சுற்றி வளைக்கவில்லை.

"இன்னாது? சீட்டு குடுத்தீங்களே. லேமினேஷன்லாம் போட்டு. சாமி படத்துக்குப் பின்னால வெச்சிகீறேன்."

"அது கவர்மெண்ட் பக்கமே இல்ல. எவனோ அதே மாதிரி செஞ்சி வெச்சிகீறான்."

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். "அப்ப என் ஆதாரு, மார்க் சீட்டு, போன் நம்பரு?"

"எல்லாம் அவன்கிட்ட போயிடுச்சு."

"எங்க ஊட்டாண்டயே ரெண்டு கடை கீதுக்கா. பாயம்மாதான் கரெக்டா பண்ணும்னு எங்க நாத்தனா சொல்லி, லீவு போட்டுகினு அவ்ளோ தூரம் வந்தேன். மூணு வருஷமா படிக்கிறேன். ஆறு மணி ஷிப்ட்டுக்கு நாலு மணிக்கு எழுந்து படிக்கிறேன். இப்ப வந்து போவலன்றீங்க?"

"என் தப்புதாம்மா. பாக்காம அமுக்கிட்டேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு சமாளிப்பும் இல்லை. அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அவங்க தப்பு இல்ல," என்றேன். "சனிக்கிழமை அந்த மெஷின்ல கண்டதை இறக்கினது நான். எனக்கு ஒரு எழுத்துரு மாத்தணும்னு. அதோட ஒட்டிக்கிட்டு வந்ததுதான் இது. இவங்களுக்குத் தெரியாது."

கடைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. விரலில் சுற்றியிருந்த துணி அப்படியே இருந்தது.

ஓட்டுநர்தான் முதலில் பேசினார். "இன்னாக்கா, நீங்களேவா? வாட்சப்ல எது வந்தாலும் நம்பாதன்னு எனக்கு டெய்லி கிளாஸ் எடுப்பீங்களே. எங்க பேப்பர்ல ஒரு புள்ளி தப்பு உடமாட்டோம்னீங்க. இங்க ஒரு ஏரியவே உள்ள உட்டுகீறீங்க."

யாரும் சிரிக்கவில்லை.  அந்தப் பெண் பையை எடுத்து மறுபடி தோளில் மாட்டினார்.

"யார் தப்புன்றத அப்பால பேசிக்கலாம். நாளைக்குத்தான கடைசி? டைம் கீதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கு," என்றேன்.

"அப்ப வண்டிய எடுண்ணாத்தே. ஊட்டுக்குப் போய் சர்டிபிகேட்லாம் எட்த்துகினு வந்துர்றேன்."

அந்தப் பெண்ணின் வீட்டில் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் கடைக்காரர் ஆட்டோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆட்டோ ஆவடி மேம்பாலம் ஏறி இறங்கியது. பிறகு, "காலைலயே ஏன்க்கா சொல்லல?" என்றார்.

"பயம்."

"எனக்கு மட்டும் பயம் இல்லியா?"

அவர் கைப்பையில் கடைச் சாவியைத் தேட ஆரம்பித்தார். 

கடையைத் திறந்ததும், அவர் தன்னுடைய கணினியின் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இரண்டாவது கணினியை இயக்கினார். தமிழ்த் தட்டச்சு இல்லாததால் அதில் அதிகம் பேர் உட்காருவதில்லை. விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் என்பதால் அது போதும். அந்தப் பெண் தேர்வு அறிவிப்பின் முதல் பக்கத்தை நாலாக மடித்து வைத்திருந்தார். அதில் தளத்தின் முழு முகவரி அச்சாகியிருந்தது.

"ஒக்காருங்க," என்றார் கடைக்காரர் என்னிடம். காலையிலிருந்த குரல் இல்லை. வேலை சொல்லும் குரல். "நீங்க படிங்க. நான் அடிக்கிறேன். அவ பாக்கட்டும்."

பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்பு பார்க்கும்போது ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சில் சரிபார்ப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வழக்கம் இருந்தது. அதேபோல் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். புள்ளி வந்த இடத்தில் புள்ளி என்றேன். அவர் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அந்தப் பெண் திரையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்து, கடைசி எழுத்தில், "ஆங், அதான்," என்றார். பக்கம் திறந்தது.

பதிவு செய்வதில் ஒரு தடங்கலும் இல்லை. கைபேசிக்கு வந்த ஆறு இலக்கக் கடவுச்சொல்லை அந்தப் பெண் வாசித்தார். புகைப்படம் அளவு பெரிது என்று இரண்டு முறை திரும்பி வந்தது. கடைக்காரர் சுருக்கி ஏற்றினார். கையொப்பம் தெளிவில்லை என்று ஒரு முறை. கடைசி நாளுக்கு முந்தைய நாள் என்பதால் தளம் மெதுவாக நகர்ந்தது. சமர்ப்பி என்று அமுக்கிய பிறகு ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. ஓட்டுநர் வாசலில் நின்று, "கெடச்சுதா? கெடச்சுதா?" என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தார். சவாரிக்கு ஆள் கூப்பிட்டும் அவர் போகவில்லை.

நான்கே காலுக்கு விண்ணப்ப எண் திரையில் வந்தது. அதன்பின் ஒரு மணியோசையுடன் அந்தப் பெண்ணின் கைபேசியில் அதே எண் குறுஞ்செய்தியாக வந்தது. திங்கட்கிழமை இப்படி எந்தச் செய்தியும் வரவில்லை என்பது அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. அவர் இரண்டு எண்களையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார். பிறகு முந்தானையால் கண்ணையும் அதே வீச்சில் கழுத்தையும் துடைத்துக்கொண்டார்.

அதோடு வேலை முடியவில்லை. அவருடைய விவரங்கள் யாரோ ஒருவரிடம் போனது போனதுதான். இணையக் குற்றப் புகார்த் தளத்தின் முகவரியையும் அதே மாதிரி எழுத்தெழுத்தாக அடித்துப் புகார் பதிந்தோம். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, அதையும் செய்தோம். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பில் கடவுச்சொல் கேட்டால் தர வேண்டாம் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். "இப்ப நீங்க சொன்னா கூட தர மாட்டேன்க்கா," என்றார். அந்த நாளில் கடைக்காரர் முதல்முறையாகச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை நானும் கடைக்காரரும் அந்தக் கணினியைச் சுத்தம் செய்தோம். எங்கள் அடுக்ககத்தில் மேல்வீட்டில் இருக்கும் மென்பொருள்காரர் போனில் வழி சொன்னார். உலாவியின் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்) பட்டியலில் எங்களுக்குத் தெரியாத பெயர் ஒன்று இருந்தது. நீக்கினோம். மறுபடி இயக்கினால் ஏரி திரும்ப வந்தது. "வேர் வேற இடத்துல இருக்கு. நீங்க இறக்கின மென்பொருளையே எடுங்க," என்றார் அவர். எழுத்துரு மாற்றியை எடுத்தோம். அதனுடன் அதே நாளில், அதே நிமிடத்தில் வந்திறங்கிய இன்னும் இரண்டு சாமான்கள் இருந்தன, அவற்றையும் எடுத்தோம். பிறகு நீட்சியை நீக்கி, தேடுபொறி எது என்ற இடத்தில் பழையதைத் தேர்ந்து, உலாவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தோம். மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. அழகில்லாத பக்கம்.

அடுத்த வாரம் நான் போனபோது திரையின் மேல்விளிம்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தடித்த எழுத்தில், லேமினேட் செய்து: 'இந்தக் கணினியில் யாரும் எதையும் இறக்கக் கூடாது. அக்கா உள்பட.'

"எந்த அக்கான்னு போடலியே," என்றேன்.

"போட்டா எழுத்து சின்னதா பூடும், அப்புறம் யாரும் படிக்க மாட்டாங்க," என்றார்.

சுவரில் இன்னொரு தாளும் இருந்தது. அடிக்கடி தேவைப்படும் தளங்களின் முழு முகவரி பன்னிரண்டு, அவர் கையெழுத்தில். அச்சடித்துத் தருகிறேன் என்றதற்கு மறுத்துவிட்டார். எழுதினால்தான் மனசில் நிற்குமாம். பக்கத்துத் தெருக் கடைக்காரர்கள் இருவர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய கணினியிலும் நொடிமுள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததாம். இவரே போய் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

தேர்வு இரண்டரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளியில் நடந்தது. எழுதிவிட்டு அந்தப் பெண் நேராகக் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கணக்கில் நாலைந்து கேள்வி இழுத்துவிட்டது, மற்றது பரவாயில்லை என்றார். கூட எழுதியவர்கள் எல்லாம் சின்னப் பெண்கள், தன்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து ஒருத்தி எழுந்து வணக்கம் வைத்தாள் என்றார்.

"போன வாரந்தான் பொறந்த நாளு. வயசு தாண்டிடுச்சுக்கா," என்றார். "ஆனா என் பேரு உள்ள கீது."

முடிவு இன்னும் வரவில்லை. மறுநாள் அவருக்கு முதல் ஷிப்ட். கடைக்காரர் ஊற்றிக் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, வினாத்தாளைப் பையில் வைத்துக்கொண்டு, நாலே முக்கால் ரயிலைப் பிடிக்க ஓடினார்.